சந்தனத்துக்கு அடியில் ஒரு மீன்

போன மாதம் எங்கள் கம்பெனியின் வல்லம் வடகால் பிளான்ட்டுக்கு என்னை அழைத்திருந்தார்கள். ரிடையர் ஆனவனைக் கூப்பிட்டு ஒரு சால்வை போர்த்தி, நாலு வார்த்தை பேசச் சொல்லி, கேன்டீனில் பிரியாணி போட்டு அனுப்புவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. ஐ.டி. பிரிவுப் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். தொழிலாளர்களுக்காக அவர்கள் செய்திருக்கும் செல்போன் செயலிக்கு எந்த ஐகான் வைப்பது என்று கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டும் முடிவாகவில்லையாம். பேச்சுவாக்கில் ஒரு பெண் எழுந்து, "சார், உங்க காலத்துல ஐகான்லாம் இருந்துச்சா?" என்று கேட்டாள். "இருந்ததும்மா. அதைத் திரையில வரவைக்கிறதுக்குள்ள எங்களுக்கு உயிர் போச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சொல்லத் தொடங்குவதற்குள் நன்றியுரை சொல்கிறவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். எனக்குக் கோபம்தான். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் இந்தக் கம்பெனிக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில். பாலிடெக்னிக், அப்புறம் மாம்பலத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு, அப்புறம் கொஞ்ச நாள் சும்மா இருந்தது, இவ்வளவுதான் என் படிப்பு. அப்போது ஒரகடம் பக்கம் இன்றைக்கு இருப்பதுபோலக் கிடையாது. கூட்டுரோட்டில் நாலைந்து கடை, சுற்றிலும் ஏரிப்பாசன வயல், நடுவே எங்கள் ரப்பர் ஃபேக்டரி. வண்டிகளுக்கான ஹோஸ், புஷ், வாஷர் என்று செய்துகொண்டிருந்தோம். ஷிஃப்ட் பஸ்ஸை விட்டால் படப்பையிலிருந்து நடந்துதான் வர வேண்டும்.

எனக்கு மேலே இருந்தவர் ஆறுமுகநயினார் சார். திருநெல்வேலிக்காரர், இ.டி.பி. என்று அப்போது சொன்ன கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர். பிரிவு என்றால் அவரும் நானும் ஒரு பிரின்டரும்தான். எப்போதும் வெள்ளைச் சட்டை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. இன்னொருவர் உட்கார்ந்திருக்கும் கீபோர்டை அவர் தொடவே மாட்டார். ஏதாவது ஓடவில்லை என்று கூப்பிட்டால், ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, கைகள் இரண்டையும் முழங்கால்மேல் வைத்துக்கொள்வார்.

"நீ என்னத்த பாத்த? நெனச்சத சொல்லாத தம்பி, பாத்தத மட்டும் சொல்லு."

நான் "ஃபைல் கெட்டுப்போச்சு சார்" என்பேன். "அது நெனச்சது. பாத்தது என்ன?" என்பார். முதல் வருஷம் இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது என் பேரனிடம் நான் அதையேதான் கேட்கிறேன், அவனுக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

தொண்ணூற்றொன்றில் மிக்சிங் ரூமுக்கு ஒரு கம்ப்யூட்டர் வைப்பது என்று முடிவானது. மிக்சிங் ரூம் என்பது ரப்பரோடு கரித்தூள், கந்தகம், எண்ணெய் எல்லாம் அளந்து போட்டு மில்லில் பிசைகிற இடம். அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பு. ஒவ்வொரு கலவையிலும் என்ன போட்டோம், எவ்வளவு போட்டோம் என்று அச்சடித்த தாள் வேண்டும் என வாடிக்கையாளர் கம்பெனி கேட்டுவிட்டது. அளவுகளைத் திரையில் காட்டி, அளந்ததும் பதிந்துகொள்ளும் புரோகிராமை நான் எழுதினேன். அதில் எனக்குப் பெருமை நிறைய.

அங்கே பொருள்களை அளந்து கொடுப்பவர் எஸ்தர். சேரப்பணஞ்சேரிக்காரர். அவருடைய கணவர் எங்கள் பிரஸ் லைனில் வேலை பார்த்தவர், மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அந்த இரக்கத்தில் எஸ்தருக்குத் தற்காலிக வேலை கொடுத்திருந்தார்கள். இரண்டு பெண் குழந்தைகள், மிஷன் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தார்கள். தராசில் எஸ்தரின் கை அவ்வளவு சுத்தம், அதில் யாருக்கும் குறையில்லை. ஆனால் எட்டாவதுவரை தமிழில் படித்தவர். கம்ப்யூட்டர் வருகிறது என்றதும் ஒர்க்ஸ் மேனேஜர் அந்த இடத்துக்கு ஒரு டிப்ளமா பையனை இன்டர்வியூ பண்ணியே முடித்துவிட்டார். எஸ்தரைப் பிசிறு வெட்டுகிற ட்ரிம்மிங் கான்ட்ராக்டுக்கு அனுப்புவதாகப் பேச்சு. அங்கே போனால் கம்பெனி ரோலில் பெயர் இருக்காது, என்றைக்கு வேண்டுமானாலும் நாளைக்கு வராதே என்று சொல்லலாம்.

நயினார் சார் மேனேஜரிடம் போய் நின்றார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர், "ஆயுத பூச முடிஞ்சு மொத நாள், மேனேஜர் நேர்ல வந்து பாப்பாரு. அந்தம்மா தனியா ஒரு கலவைய எடுத்துக் காட்டணும். நாமளும் பக்கத்துல நிக்கலாம், ஆனா வாயத் தொறக்கப்படாது. தப்பாச்சுன்னா அந்தப் பையனுக்கு ஆர்டர்" என்றார்.

சிக்கல் எங்கே என்றால், கலவைகளின் பெயரில். நான்கு கலவைக்கும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக நீளநீளமாகப் பெயர், நடுவில் ஒரே ஒரு இலக்கம்தான் மாறும். படித்த எனக்கே தடுமாறும். கலவை மாறினால் மொத்த லாட்டும் மில்லிலேயே வெந்து குப்பைக்குப் போகும். அப்போதுதான் விண்டோஸ் புதிதாக எங்களுக்கு வந்திருந்தது. கலவைக்கு ஒரு படம் வைத்து, படத்தின்மேல் இரண்டு தட்டுத் தட்டினால் அந்தக் கலவையின் அளவுகள் திறக்கும்படி செய்துவிடலாம் என்று நயினார் சார் சொன்னார். நான் செய்து பார்த்தேன். நான்கும் திறந்தன. ஆனால் நான்குக்கும் கம்ப்யூட்டர் தானாகப் போட்டுக்கொண்ட ஒரே படம்தான், ஒரே சாம்பல் பெட்டி. எழுத்தைப் படித்துத்தான் தட்ட வேண்டும் என்றால் இந்தப் பாடு எதற்கு?

சொந்தமாகப் படம் வரைய ஒரு மென்பொருளை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடி ஒரு பிளாப்பியில் வாங்கி வந்தேன். முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு கட்டம், அதற்குள் ஒவ்வொரு கட்டமாக நிறம் நிரப்ப வேண்டும். முதலில் கிராஃப் தாளில் பென்சிலால் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் திரையில் வரைவேன். எங்கள் ரூமில் கலர் மானிட்டர் இருந்தது, அதன் மேல் எனக்குப் பைத்தியம். மில்லிலிருந்து வரும் ரப்பர் ஷீட்டில் கலவைக்கு ஒரு நிறமாகப் பெயின்ட் கோடு போடுவது வழக்கம். அதையே படமாக்கினேன். சிவப்புக் கோடு, பச்சைக் கோடு, மஞ்சள், நீலம். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருந்தது.

பிளாப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முற்றம் தாண்டி ஓடினேன். மிக்சிங் ரூம் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். எஸ்தர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, ரெண்டு ஒரே மாதிரி கீது. இன்னொண்ணுல ஒண்ணுமே காணோம்?"

கரித்தூளில் கெட்டுப்போகும் என்று அந்த அறைக்குப் பழைய கறுப்பு வெள்ளை மானிட்டரைத்தான் கொடுத்திருந்தார்கள். சிவப்பும் பச்சையும் ஒரே கறுப்பு. மஞ்சள் வெள்ளையோடு வெள்ளையாய்ப் போயே போய்விட்டது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. நயினார் சார் ஸ்டூலில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நம்ம ரூம்ல அழகா இருந்தத பாத்த. இங்கன பாக்கலியே?" என்றார்.

அப்புறம் நிறத்தை விட்டுவிட்டு உருவத்துக்கு வந்தோம். பெயின்ட் தீர்ந்துபோனால் மில் ஆட்கள் ஷீட்டில் சாக்பீஸால் குறி போடுவார்கள். ஹோஸ் கலவைக்கு ஏணி, வாஷருக்கு மீன், புஷ்ஷுக்குக் குடை, இன்னொன்றுக்குச் சாவி. யார் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை, எங்கள் ஆபீசிலேயே "மீன் எத்தனை போச்சு?" என்றுதான் கேட்பார்கள். நான்கையும் கறுப்பு வெள்ளையில் வரைந்தேன். குடைதான் படுத்தியது. எப்படிப் போட்டாலும் காளானாக வந்தது. எஸ்தர் அதைப் பார்த்து, "கைப்புடி வளைச்சிடுங்க சார், கொடையாய்டும்" என்றார். வளைத்தேன், ஆகிவிட்டது.

புதிய படங்களை அதே பெயரில், பழைய படங்களின் மேலேயே காப்பி செய்தேன். மீண்டும் விண்டோஸுக்குள் போனால், பழைய கோடுகள் அப்படியே நின்றன. அணைத்துப் போட்டேன். கோடுகள். பிளாப்பியை மாற்றினேன், மறுபடி காப்பி செய்தேன், வைரஸ் என்று பயந்து வேறு மிஷினில் சோதித்தேன். வேறு மிஷினில் மீன் மீனாகத்தான் இருந்தது. இங்கே மட்டும் அதே கோடுகள். பூஜைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எஸ்தர் வேலைக்கு நடுவே நின்று என் முகத்தைப் பார்ப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஹார்ட் டிஸ்கை அழித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து போடப்போகிறேன் என்று நயினார் சாரிடம் சொன்னேன்.

"போடலாம். அதுக்கு முந்தி ஒண்ணு செய். அந்தப் பட ஃபைல் பேர மாத்திட்டு உள்ள போய்ப் பாரு."

மாற்றினேன். இப்போது அந்தப் பெயரில் டிஸ்கில் எந்தப் படமும் கிடையாது. உள்ளே போனேன். கோடுகள் ஜம்மென்று நின்றன.

"என்ன பாத்த?"

"படம் இருக்கு சார்."

"ஃபைல்?"

"இல்ல சார்."

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. திரையில் தெரியும் படம் என் ஃபைலிலிருந்து வரவே இல்லை. முதல் தடவை நான் தேர்ந்தெடுத்தபோதே விண்டோஸ் அதை ஒரு பிரதி எடுத்து, தன்னுடைய வேறு ஃபைலில் வைத்துக்கொண்டுவிட்டது. நான் இந்தப் பக்கம் எத்தனை முறை காப்பி செய்தாலும் அது திரும்பிக்கூடப் பார்க்காது. படத்தை மாற்று என்கிற கட்டளைக்குப் போய், மறுபடி கையைப் பிடித்துக் காட்டினால்தான் புதியதை எடுத்துக்கொள்ளும். காட்டினேன். கோடு மறைந்து ஏணி வந்தது. அடுத்து மீன் வந்தது, குடை வந்தது, சாவி வந்தது. எஸ்தர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். நயினார் சார் எழுந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். கையெல்லாம் கரி. "இதுக்கு வீட்ல நாந்தான் பதில் சொல்லணும்" என்று போய்விட்டார். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. என் வயதில் அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை, இன்றைக்குத் தெரிகிறது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஃபேக்டரியில் அது சின்ன விசேஷமில்லை. மிஷின்களையெல்லாம் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். மிஷினுக்கு வைத்த பொட்டை அப்புறம் யாரும் துடைக்கக் கூடாது, வேலை ஓட ஓடத் தானாகத்தான் உதிர வேண்டும் என்பது மில் ஆட்களின் கட்டாயம். ஒரு வருஷம் பொட்டைத் துடைத்தவனுக்கு விரல் நசுங்கியது என்று ஒரு கதையும் உண்டு. எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

லீவு முடிந்து முதல் நாள். ஒர்க்ஸ் மேனேஜர் முன்னால், நயினார் சார் பின்னால், நான் அதற்கும் பின்னால். மில் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். எஸ்தர் மிஷினைப் போட்டார். திரை வெளிச்சமானது. படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், அதன்மேல் கரித்தூள் படிந்து, கெட்டியாகக் காய்ந்து கிடந்தது.

எலெக்ட்ரீஷியன் முனுசாமியின் வேலை அது. பூஜைக்கு எல்லா மிஷினையும் ஓட்டிக் காட்டிப் பொட்டு வைப்பது அவர் வழக்கம். இந்தத் திரையில் தங்கள் ஏணியும் மீனும் நிற்பதைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, தாராளமாக அப்பிவிட்டார்.

"இன்னா முனுசாமி இது?" என்றார் மேனேஜர்.

"சார், சாமிக்கு வெச்சது சார். படத்துமேலயே கரீக்டா வெச்சேன்" என்றார் முனுசாமி. அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. முகம் சுருங்கிப்போனது.

"சரி, தொடைங்க. எனக்கு மீட்டிங் இருக்கு."

யாரும் அசையவில்லை. மேனேஜர் எஸ்தரைப் பார்த்தார். மேசைமேல் துடைக்கிற வேஸ்ட் துணி கிடந்தது. எஸ்தர் வேதக்காரி, கிறிஸ்தவர். அவர் கை அந்தப் பொட்டின்மேல் பட்டால், சுற்றி நிற்கிற இத்தனை பேரோடு நாளைக்கு எப்படி வேலை செய்வது? துடைக்காமல் நின்றால் படம் தெரியாமல் எந்தக் கலவையை எடுப்பது? தப்பாக எடுத்தால் அந்தப் பையன் வந்துவிடுவான். நானே துடைத்துவிடுகிறேன், பழி என்மேல் வரட்டும் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். நயினார் சார் திரும்பாமலேயே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரும்புப் பிடி.

எஸ்தர் துணியைத் தொடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். மவுஸை எடுத்தார். அம்பைக் கொண்டுபோய் முதல் பொட்டின் ஓரத்தில் வைத்து, அழுத்திப் பிடித்துக் கீழே இழுத்தார். சந்தனத்துக்கு அடியிலிருந்து ஏணி வெளியே வந்தது. அதைத் திரையின் கீழ்ப்பக்கம், கண்ணாடி சுத்தமாக இருந்த இடத்தில் விட்டார். அடுத்த பொட்டிலிருந்து மீனை இழுத்து அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு குடை, பிறகு சாவி. நான்கும் வரிசையாக நின்றன. மேலே நான்கு பொட்டும் அப்படியே இருந்தன.

மில் ஆட்களில் யாரோ "அடி சக்கை" என்றார்கள்.

"எந்தக் கலவை சார் எடுக்கட்டும்?" என்று எஸ்தர் கேட்டார்.

"மீன்" என்றார் மேனேஜர்.

மீனைத் தட்டினார். அளவுகள் திறந்தன. ரப்பர், கரி, எண்ணெய், கடைசியாகக் கந்தகம் என்று ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து, எண் சரியாக நின்றதும் பட்டனைத் தட்டி, அடுத்ததற்குப் போனார். தாள் அச்சாகி வந்தது. மேனேஜர் அதைக் கிழித்துக் கையில் எடுத்து மேலும் கீழும் பார்த்தார்.

"படத்த நகத்துறது யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல சார். மவுஸுக்குள்ள கரி பூந்து அது பாட்டுக்கு எகிறும். படம் எங்கியாச்சும் ஓடிடும். திருப்பி இஸ்துகினு வந்து வெச்சு வெச்சு பழகிடுச்சி."

மேனேஜர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி, "நயினார், அந்த டிப்ளமா பையனுக்கு வர வேணாம்னு ஒரு கார்டு போட்ருங்க" என்றார். எஸ்தர் தராசைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, கரி பட்டதுபோல் துடைத்துக்கொண்டேன்.

முற்றத்தைத் தாண்டும்போது, ஏன் சார் என் கையைப் பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ தொடச்சிருந்தா உனக்கு இரக்கம் உண்டுன்னு மேனேஜருக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தம்மாவுக்கு என்ன தெரியும்னு தெரிஞ்சிருக்காது. அவ்வளவுதான்."

எனக்குக் கீழே பிறகு எத்தனையோ பேர் வேலை செய்தார்கள். கை பரபரத்த ஒவ்வொரு தடவையும் என் மணிக்கட்டில் அந்தப் பிடியை உணர்ந்திருக்கிறேன். எனக்கு வேலை கற்றுத்தந்தவர் என்று அவரை மட்டும் சொன்னால் போதாது. எஸ்தரையும் சொல்ல வேண்டும், அந்தப் பழைய கறுப்பு வெள்ளை மானிட்டரையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் நான் கடன்பட்டவன்தான்.

எஸ்தருக்குச் சீக்கிரமே வேலை நிரந்தரமானது. முனுசாமிக்குத்தான் வருஷம் பூராவும் உறுத்தல், மிக்சிங் ரூம் பக்கம் வந்தாலே தலையைக் குனிந்துகொள்வார். அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் வந்து, வைப்பதா வேண்டாமா என்று விரலைத் தூக்கியபடி நின்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"எஸ்தரு, எங்க வெக்கட்டும், நீயே சொல்லிடும்மா" என்றார்.

எஸ்தர் கந்தகம் அளந்துகொண்டிருந்தார். தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்க வேணா வைண்ணா. நான் நவுத்திக்கிறேன்."